வெங்காயப் பாத்தியில் விழுந்த பல்

1

என் மேல்வாயின் முன்பக்கத்தில் இரண்டு பல் இல்லை. பத்து வருசமாக இல்லை. ஜேர்மனியில், பல்லுக்கட்ட எல்லா வசதியும் இருக்கிற நாட்டில், ஒரு மனிதன் பத்து வருசம் ஓட்டை வாயோடு திரிந்தான் என்றால் ஊரில் இருக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். நான் சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். உங்களுக்கு அந்தக் கரைச்சல் இல்லை.

வேலை செய்வது பாண் சுடும் தொழிற்சாலையில். அவர்களுடைய பாணின் மேலோடு கல்லு மாதிரி. நான் சுடும் பாணை என்னால் கடிக்க முடியாது. தேத்தண்ணியில் தோய்த்துத்தான் தின்கிறேன்.

போன வைகாசியில் அந்த ஓட்டைக்குள் வலி தொடங்கியது. மேலுதடு வீங்கி மூக்கு வரை விண் விண் என்று தெறித்தது.

"இல்லாத பல்லு எப்பிடியப்பா நோகும்?" என்று என் மனைவி வதனி கேட்டாள்.

"இல்லாத காணிக்கு எங்கடை ஆக்கள் கோடேறி வழக்காடுறேல்லையோ? அது மாதிரித்தான்."

அவள் சிரிக்கவில்லை. ஐஸ்கட்டியைத் துவாயில் சுற்றித் தந்துவிட்டு, அடுத்த நாளே பல் டொக்டரிடம் நேரம் எடுத்தாள்.

அதே கிழமைக்குள் தபால் பெட்டியில் இரண்டு கடிதம் கிடந்தன. ஒன்று நீதிமன்றத்திலிருந்து வந்தது. பத்து வருசமாக இழுபடும் என் அகதி வழக்கைக் கடைசித் தடவையாக விசாரிக்கப் போகிறார்கள், இன்ன நாள், இன்ன அறை என்று இருந்தது. இதிலும் தோற்றால் நான், வதனி, ஏழு வயது மகள் அபி மூன்று பேரும் பெட்டி கட்டவேண்டியதுதான். மற்றது ரோசா நிற அழைப்பிதழ். "எங்கள் செல்வத்துக்குப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டும் வைபவம்" என்று அச்சடித்து, மேலே ஒரு குழந்தையின் படம். ஊரில் இதற்கெல்லாம் யார் கார்ட் அடித்தார்கள்? பிள்ளைக்கு முதல் பல் முளைத்தால், தேங்காய்ச் சொட்டைப் பல்லுப்போலக் குத்திக் கொழுக்கட்டை அவிப்போம். பிள்ளையின் தலைக்கு மேல் வெள்ளைத் துணியைப் பிடித்து அதைக் கொட்டிவிட்டு அயலுக்கு நாலு கொடுப்போம். இங்கே அதற்கு மண்டபம், வீடியோ, கேக்.

அடியில் பேனையால் எழுதியிருந்தது: "அண்ணை, நீங்கள் வந்துதான் பிள்ளைக்குக் கொட்டவேணும். பழசை மறந்து வாங்கோ. நேசன்."

நேசன் என் சித்தப்பாவின் மகன், என்னைவிட இரண்டு வயது இளையவன். உரும்பிராயில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலி. வேலியில் ஒரு பொட்டு, ஆள் நுழையும் அளவு ஓட்டை. அதற்குள்ளால் வந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். அவனோடு நான் மூன்று வருசமாகக் கதைப்பதில்லை. ஏன் என்று இதுவரை அம்மாவுக்குக்கூட எழுதவில்லை. "நேசன் அங்கை உனக்குத் துணையாய் இருக்கிறான், அது காணும் எனக்கு" என்று அவ ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறா.

2

பல் போன கதையை முதலில் சொல்லவேண்டும்.

எண்பத்தைந்தாம் ஆண்டு. எனக்கு இருபத்துநாலு வயது. வெங்காயத்துக்குத் தண்ணி மாறிக்கொண்டு நின்றேன். ரோட்டில் ஆமி ட்ரக் வந்து நின்றது. தோட்டத்துக்குள் இறங்கி வந்து அடையாள அட்டையைக் கேட்டார்கள். அட்டை வீட்டில், நல்ல சேட்டின் பையில் இருந்தது. வீட்டைக் காட்ட வலக்கையை நீட்டினேன். கையை நீட்டியது பிழை. பக்கத்தில் நின்றவன் துவக்குப் பிடியால் கீழிருந்து மேலே ஒரு இடி இடித்தான்.

உடைந்த ஒரு பல் என் கைக்குள் விழுந்தது. மற்றது பாத்திக்குள் போய்விட்டது. அவர்கள் போனபிறகு அம்மா ஓடிவந்து வெங்காயத் தாளை விலக்கி விலக்கித் தேடினா. கிடைக்கவில்லை. கிடைத்தாலும் ஒட்டவா முடியும்? ஆனால் இருட்டும் வரைக்கும் தேடினா. நான் போட்டிருந்த பழைய நீலச் சேட்டை மூன்று தரம் உப்புத் தண்ணியில் ஊறவைத்தா.

அடுத்த மாதம் நானும் நேசனும் கொழும்புக்குப் போய்க் கிழக்கு பேர்லினுக்கு விமானம் ஏறினோம்.

நேசனுக்கும் முன்பல் இரண்டு இல்லை. அது யாரும் அடித்து உடைத்ததல்ல. பதினேழு வயதில் கீரிமலைக் கேணியில், பெரிய ஆள் மாதிரிச் சுவர்க்கட்டின்மேல் ஏறித் தலைகீழாகக் குதித்தான். தண்ணிக்குள் இருந்த படி அவன் வாயைப் பதம் பார்த்தது. இழுத்து வெளியே எடுத்தவன் நான். சைக்கிள் பாரில் இருத்தி யாழ்ப்பாணம் ரவுணுக்கு உழக்கியவனும் நான். அங்கே ஒரு பல் வைத்தியர் மிச்சத்தையும் பிடுங்கிவிட்டு, ரோசா நிறத் தகட்டில் இரண்டு பொய்ப்பல் வைத்து, இரண்டு பக்கமும் கம்பிக் கொளுக்கி போட்டுக் கொடுத்தார். அவன் அதை நாக்கால் தள்ளி வெளியே எடுத்துச் சின்னப் பிள்ளைகளைப் பயப்படுத்துவான்.

ஜேர்மனியில் எங்களை டோட்முண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டினத்தில், மூடிப்போன பள்ளிக்கூடம் ஒன்றில் விட்டார்கள். பதினாறு பேருக்கு ஒரு குசினி. அந்தக் குசினியில்தான் எல்லோரும் அகதி விசாரணையில் சொல்லவேண்டிய கேஸைப் பாடமாக்கினோம். எங்கடை ஆக்களுக்குச் சோதினை என்று ஒன்று வந்துவிட்டால் பாடமாக்கத்தான் தெரியும். பொய்க் கேஸ்காரனும் பாடமாக்கினான், உண்மைக் கேஸ்காரனும் பாடமாக்கினான். நடந்த சங்கதியைப் பாடமாக்கி ஒப்புவித்தால் அதுவும் கட்டுக்கதை மாதிரித்தான் கேட்கும் என்று அந்தக் குசினியில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

நேசன் இங்கிலீசில் கெட்டிக்காரன். ஜேர்மன் பாசையையும் கெதியாகப் பிடித்துவிட்டான். அதனால் எல்லோருக்கும் அவன்தான் கடிதம் வாசிப்பான். பாடமாக்கும்போது அதிகாரியும் அவன்தான். அடுப்புக்கு முன்னால் கதிரையைப் போட்டு, காலுக்குமேல் கால் போட்டுக் கேட்பான்.

"எந்தக் கையை நீட்டினனீர்?"

"வலக்கை."

"என்ன நிறச் சேட்டு?"

"நீலம்."

"பல்லு எங்கை விழுந்தது?"

"ஒண்டு கையுக்கை. மற்றது வெங்காயப் பாத்தியுக்கை."

"அண்ணை, பாத்தி எண்ட இடத்திலை தடக்குப்படுறியள். திருப்பிச் சொல்லுங்கோ."

திருப்பிச் சொன்னேன். ஒரு மாதம் முழுக்கத் திருப்பிச் சொன்னேன். எனக்கு இரண்டு புத்திமதியும் சொன்னான். ஒன்று, இங்கே சொந்தக்காரர் ஒருவரும் இல்லை என்று சொல்லவேண்டும், ஒன்றாக வந்தது தெரிந்தால் எங்களை அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரனைத் தோண்டுவார்கள். மற்றது பல்லைப் பற்றியது.

"இப்ப பல்லைக் கட்டிப்போடாதேங்கோ அண்ணை. உந்த ஓட்டைதான் உங்கடை சாட்சி. கேஸ் முடியட்டும்."

நம்பினேன். தம்பி சொல்கிறான், எனக்கு நல்லதுக்குத்தானே சொல்கிறான் என்று நினைத்தேன்.

அவனுக்கு விசாரணைத் திகதி என்னுடையதைவிட ஆறு கிழமை முந்தி வந்தது. அன்று காலை அவன் பல்லுத் தகட்டைக் கழற்றி, பைப்பில் கழுவி, லேஞ்சித் துணியில் சுற்றிக் காற்சட்டைப் பையில் வைத்தான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"என்னடா, பல்லில்லாமல் போறாய்?"

"கொளுக்கி முரசிலை உரஞ்சுது அண்ணை."

பாவம், பல் ஈறு நோகுதாக்கும் என்று நினைத்தேன். அவன் பஸ்ஸில் சாப்பிட என் கையால் பாணுக்கு முட்டை பொரித்துக் கட்டிக் கொடுத்தேன்.

3

என் முறை வந்தது. அதிகாரி நரைத்த மீசைக்காரர், பண்பான மனிதர். மொழிபெயர்க்க ஒருவர் இருந்தார். நான் ஒரு இடத்திலும் தடக்குப்படவில்லை. பாத்தி என்ற இடத்தில்கூட இல்லை.

அந்த இடத்தில் அதிகாரி எழுதுவதை நிறுத்திப் பேனையைக் கீழே வைத்தார்.

"வெங்காயமா?" என்று கேட்டார்.

"ஓம்."

"சட்டை நீலமா?"

நான் அதை இன்னும் சொல்லவே இல்லை. எனக்கு வந்த சந்தோசத்தை என்னவென்று சொல்வேன்! இவ்வளவு தூரத்தில் இருக்கிற ஒரு வெள்ளைக்காரர் எங்கள் ஊரில் நடந்ததை எல்லாம் விசாரித்துத் தெரிந்து வைத்திருக்கிறாரே என்று நினைத்தேன். "ஓம் ஐயா, நீலம்தான், நீலம்தான்" என்று தலையை ஆட்டி, வாயை அகலத் திறந்து ஓட்டையையும் காட்டினேன். அவர் என் வாயைப் பார்க்கவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "இந்த நாட்டில் உங்களுக்குச் சொந்தக்காரர் யாரும் உண்டா?"

"ஒருத்தரும் இல்லை" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

நேசனுக்கு அகதி அந்தஸ்து கிடைத்து நீலப் பாஸ்போட் வந்தது. குசினியில் பாயாசம் காய்ச்சினோம், கிண்டியவன் நான். பிறகு எனக்கு நிராகரிப்புக் கடிதம் வந்தது. நாலு பக்கம். ஒரு எழுத்தும் விளங்கவில்லை. நேசனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் விரலை வைத்து வரி வரியாக வாசித்துச் சொன்னான். மூன்றாம் பக்கத்தில் அவன் விரல் ஒரு பந்தியைத் தாண்டிக் கீழே போனது எனக்கு நல்ல ஞாபகம். அந்த இடத்தில் தேத்தண்ணி சிந்தியிருந்தது, அதனால் தெரியவில்லை என்று நினைத்தேன்.

"சாட்சி காணாதாம் அண்ணை. வேறை ஒண்டும் இல்லை. அப்பீல் போடுவம்."

அப்பீல் போட்டது, தள்ளியது, திரும்பப் போட்டது என்று ஆண்டுகள் போயின. எனக்குக் கிடைத்தது ஒரு மடித்த கடதாசி. அதன் பெயரின் பொருளே "பொறுத்துக்கொள்கிறோம்" என்பதுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கந்தோர் வாசலில் விடிய வரிசையில் நின்று புதுப்பிக்கவேண்டும். மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. என் பெயரைச் சொல்லும்போது ஓட்டைக்குள்ளால் காற்று சீழ்க்கை அடிக்கும். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற பெண், "என்ன? திருப்பிச் சொல்லுங்கள்" என்பாள். திருப்பிச் சொல்வதில்தான் எனக்கு நல்ல பயிற்சி இருந்ததே.

தொண்ணூறில் என் தங்கச்சி சாந்திக்குப் பாரிசில் கலியாணம். மாப்பிள்ளைக்குக் கால் கழுவித் தோழனாகப் பக்கத்தில் இருக்கவேண்டியவன் நான், பெண்ணின் கூடப்பிறந்த ஒரே ஆண். எல்லை தாண்ட அனுமதி கேட்டு எழுதினேன், கிடைக்கவில்லை. "நேசன், எனக்குப் பதிலாய் நீ போடா" என்று நானே அனுப்பினேன். வேட்டியும் வாங்கிக் கொடுத்தேன். படம் வந்தது. தலைப்பாகை கட்டி, கையில் மோதிரத்தோடு, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நேசன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். முன்பல் இரண்டும் பளிச்சென்று இருந்தன. அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினேன். இரண்டு வருசம் அது சுவரில் இருந்தது.

4

தொண்ணூற்றிரண்டில் வழக்கறிஞரை மாற்றினேன். புது வழக்கறிஞர் வயதான ஜேர்மன்காரர். அவரிடம் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண் வந்தாள். பழைய கடிதத்தை முதலிலிருந்து வாசியுங்கள் என்றார். அவள் வாசித்தாள். தேத்தண்ணிக் கறைக்குக் கீழே எழுத்து நன்றாகத்தான் தெரிந்தது.

"விண்ணப்பதாரர் கூறியது, அதே ஊரைச் சேர்ந்த, ஏற்கனவே அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்ட வேறொருவரின் வாக்குமூலத்துடன் சட்டையின் நிறம், வெங்காயத் தோட்டம் வரை சொல்லுக்குச் சொல் ஒத்திருக்கிறது. ஆகவே இது மனப்பாடம் செய்யப்பட்ட, கடன்வாங்கிய கதை."

அந்தப் பெண் வாசித்துவிட்டு நிமிர்ந்து, "ஆர் அண்ணை அது?" என்று மெல்லக் கேட்டாள். அந்தத் தேத்தண்ணிக் கறையை விரலால் தேய்த்துப் பார்த்தேன்.

அவன் பிழைக்கவேண்டும் என்று கேட்டிருந்தால் என் கதையை நானே கொடுத்திருப்பேன். வேறு ஒரு கதை நான் கட்டியிருப்பேன். அவன் கேட்கவில்லை. என் வாயில் விழுந்த அடியை எடுத்தான், அம்மா தேடிய பல்லை எடுத்தான், அம்மா ஊறவைத்த சேட்டை எடுத்தான். எடுத்ததைக்கூட மன்னிக்கலாம். கடிதத்தை என் முகத்துக்கு முன்னால் வைத்து, அந்தப் பந்தியை விரலால் தாண்டினானே, அதை என்னால் விழுங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து சுவரில் இருந்த படத்தைக் கழற்றினேன். சண்டை பிடிக்கவில்லை, கேட்கவும் இல்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி கதை பேச்சை விட்டேன். வதனி மட்டும் அறிவாள். ஏன் அண்ணை கதைக்கிறேல்லை என்று அவனும் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காதவனுக்குக் காரணம் தெரியும்.

5

பல் டொக்டர் ஒரு பெண், என் வயதிருக்கும். வீக்கத்தைப் பார்த்துவிட்டு எக்ஸ்ரே எடுத்தார். படத்தை வெளிச்சப் பெட்டியில் வைத்ததும் கிட்டக் குனிந்து பார்த்தார்.

"உங்கள் பல் இரண்டும் போகவில்லை" என்றார். "பாதிதான் போயிருக்கிறது. வேர் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன."

சரிவாக முறிந்த இரண்டு வேர். மேலே முரசு மூடி வளர்ந்துவிட்டது. எலும்பில் ஒரு மெல்லிய கோடு, வெடித்து ஆறியது. "பிடுங்கின பல் இப்படி இருக்காது. முன்னாலிருந்து பலமான அடி, கீழிருந்து மேலே" என்று தன் கையாலேயே அந்த இடியை இடித்துக் காட்டினார். பத்து வருசத்தில் ஒருவருக்கும் நான் சொல்லி நம்பவைக்க முடியாததை, நான் வாயே திறக்காமல் அவர் சொன்னார். திறந்துதான் இருந்தது, ஆனால் அதற்குள் அவருடைய வாய் பார்க்கும் கண்ணாடி இருந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வீக்கம் நோகிறதாக்கும் என்று அவர் தோளில் தட்டினார்.

"யார் அடித்தது என்று பல் சொல்லாது. அடி விழுந்தது என்று சொல்லும். அதை நான் எழுதித் தரலாம்."

பிறகு மேசையில் ஒரு சுண்ணாம்பு வாயை வைத்து விளங்கப்படுத்தினார். கழற்றிப் பூட்டுகிற தகடு ஒரு வழி. நேசனுக்கு ரவுணில் செய்ததுபோல, மலிவு, ஆனால் ஆடும். இரண்டாவது, நிரந்தரமாக ஒட்டுகிற பாலம். இரண்டு பக்கமும் இருக்கிற நல்ல பல்லை அராவிச் சின்னதாக்கி, அதன்மேல் தொப்பி போட்டு, நடுவில் பொய்ப்பல்லைத் தாங்கவைப்பது. மூன்றாவது, எலும்புக்குள் திருகாணி இறக்கி அதன்மேல் பல்லை நிறுத்துவது. சொந்தப் பல் மாதிரி இருக்கும், ஆனால் காப்புறுதிக்காரர் தரமாட்டார்கள்.

"பாலத்துக்குப் பக்கத்துப் பல் என்ன குற்றம் செய்தது?" என்று கேட்டேன்.

"ஒன்றும் செய்யவில்லை" என்று சிரித்தார். "பக்கத்தில் இருந்ததுதான்."

எது செய்தாலும் முதலில் அந்த வேர் இரண்டையும் வெளியே எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் மறுபடி சீழ் பிடிக்கும் என்றார். காப்புறுதிக்குப் படிவம் நிரப்பினோம். வருசா வருசம் பல்லைக் காட்டி முத்திரை குத்திய சின்னக் கொப்பி ஒன்று கேட்டார்கள். காட்டப் பல்லே இல்லாதவனிடம் கொப்பி எங்கே இருக்கும்?

வழக்கறிஞரிடம் போனேன். படத்தைப் பார்த்ததும் மனிதர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். வேரை எடுக்கவேண்டாம், நீதிபதி வேறு டொக்டரிடம் அனுப்பிச் சோதிக்கலாம், விசாரணை முடியும்வரை உள்ளேயே இருக்கட்டும் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "மற்ற ஆளின் பெயரைச் சொல்லுங்கள். அவருக்கு எப்போது, எங்கே பல் போனது என்று சொல்லுங்கள். வழக்கு முடிந்துவிடும். பெயர் சொல்லாவிட்டால் வெறும் படத்தை வைத்து அவர்கள் நம்பவேண்டும். நம்பலாம், நம்பாமலும் விடலாம்."

"சொன்னால் அவருக்கு என்ன நடக்கும்?"

"கொடுத்ததைத் திருப்பி எடுக்கலாம்."

வீட்டுக்கு வர, அபி வாசலில் நின்றாள். அவளுடைய முதல் பால்பல் பள்ளிக்கூடத்தில் விழுந்துவிட்டது. அதைத் தலையணைக்குக் கீழே வைத்தால் ஏதோ தேவதை வரும் என்று ஜேர்மன் பாசையில் சொன்னாள். கூரையில் எறிந்து அணிலிடம் கேட்கவேணும் என்றாள் வதனி. நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி, எங்களுக்கு மேலே இரண்டு குடும்பம். அபி என் வாயை நிமிர்ந்து பார்த்தாள்.

"பப்பா, எனக்கு வருமாம். உங்களுக்கு எப்ப வரும்?"

"கோட்டு வழக்கு முடியட்டும்" என்றேன். அவளுக்கு அந்தத் தமிழ் விளங்கவில்லை. வதனி அதை ஜேர்மன் பாசையில் சொன்னபோதும் விளங்கவில்லை.

6

போவதா விடுவதா என்று நாலு நாள் யோசித்தேன். போனேன். எக்ஸ்ரே படத்தைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு போனேன். அவனைப் பயப்படுத்த அல்ல. "அண்ணை, பிழை விட்டிட்டன்" என்று ஒரு சொல் அவன் வாயிலிருந்து வந்தால் படத்தைக் காட்டி, இரண்டு பேருமாக ஒரு வழி யோசிக்கலாம் என்றுதான் போனேன். இதை நீங்கள் நம்பவேண்டும்.

மண்டபத்து வாசலில் நேசன் கட்டிப்பிடித்தான். நல்லாகச் சதை வைத்திருந்தான்.

"அண்ணை வந்திட்டியள்! எனக்குத் தெரியும், வருவியள் எண்டு. அண்ணி எங்கை?"

"அவள் வரேல்லை. பல்லு மாத்தினனியோ?"

"ஓம், போன வருசம். திருகாணி இறக்கினது அண்ணை, இனி ஆயுசுக்கும் பிரச்சினை இல்லை. சோளன் பொத்தியே கடிக்கலாம்."

கோட்டுகள் கொழுவியிருந்த ஒடுக்கமான பக்கத்துக்கு அவனைக் கூட்டிப்போனேன்.

"நானும் டொக்டரிட்டைப் போனனான். படம் எடுத்தவை. அடிச்சு முறிஞ்ச வேர் ரண்டும் உள்ளுக்கை கிடக்காம்."

அவன் பக்கத்தில் தொங்கிய கோட்டின் பொத்தானைத் திருகினான்.

"அடுத்த மாதம் எனக்குக் கடைசிக் கோட்டு வழக்கு. மூண்டாம் பக்கத்திலை நீ தாண்டின பந்தியைப் பற்றிக் கேப்பாங்கள்."

சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணை, நான் ஜேர்மன் பிரசையாகிறதுக்குப் போட்டிருக்கிறன். இப்பத்தான் சரிவந்து நிக்குது. நீங்கள் பேரைச் சொன்னால் நான் இந்தப் பிள்ளையோடை எங்கை போறது?"

"நான் பத்து வருசமாய் எங்கை போனனான் நேசன்?"

அவன் என் கையைப் பிடித்தான். இப்போது சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். மெய்யாகவே நினைத்தேன்.

"ஒண்டு செய்வம் அண்ணை. அந்த வேர் ரண்டையும் கோட்டுக்கு முந்தி எடுப்பிச்சுப் போடுங்கோ. என்ரை டொக்டரிட்டையே கூட்டிக்கொண்டு போறன். உங்களுக்கும் ரண்டு திருகாணி இறக்கி, நிரந்தரமாய்ப் பல்லு வைச்சுத் தாறன். செலவு முழுக்க என்ரை. எத்தினை நாளைக்கு உப்பிடி வாயைப் பொத்திக்கொண்டு திரியப் போறியள்?"

சட்டைப்பையிலிருந்து அந்த டொக்டரின் கார்டை எடுத்து என் கைக்குள் திணித்தான். கேஸ் முடியும்வரை பல்லைக் கட்டாதே என்று சொன்ன அதே வாய். எனக்கு அவனை அடிக்கவேண்டும் போல இருந்தது. அதைவிடக் கூடுதலாக அழவேண்டும் போல இருந்தது.

உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். "நேரம் போகுது, பெரியப்பாவை வரச்சொல்லுங்கோ!"

போனேன். பிள்ளை பட்டுச் சட்டையோடு வெள்ளை விரிப்பில் இருந்தது. எதை எடுக்கிறது என்று பார்க்க முன்னால் தட்டில் புத்தகம், பேனை, காப்பு, கண்ணாடி எல்லாம் பரப்பியிருந்தன. தலைக்குமேல் துணியைப் பிடித்தார்கள். சுளகில் இருந்த கொழுக்கட்டையை இரண்டு கையாலும் அள்ளிக் கொட்டினேன். பிள்ளை தட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை, விழுந்த கொழுக்கட்டை ஒன்றை எடுத்து வாயில் வைத்தது. எல்லோரும் சிரித்தார்கள். அதைத் தொண்டையில் சிக்காமல் எடுக்க விரலை விட்டேன். கீழ்முரசில் இரண்டு பல், அரிசி மணி அளவு. என் விரலை நன்றாகக் கடித்தது.

சாப்பிடாமல் வெளிக்கிட்டேன். பஸ் தரிப்பில் அந்தக் கார்டைக் கிழித்தேன்.

7

நீதிமன்றத்தில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த நீதிபதி படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். டொக்டரின் கடிதத்தை உரக்க வாசித்தார். கீழிருந்து மேலே என்ற இடத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"அடி விழுந்தது என்று இந்தப் படம் காட்டுகிறது" என்றார். "ஆனால் இதே கதையை இன்னொருவரும் சொல்லியிருக்கிறாரே. உங்கள் கதையை யாரிடம் சொன்னீர்கள்?"

"குசினியில் சொன்னேன். பதினாறு பேர் இருந்தோம். எல்லோரும் கேட்டார்கள்."

வழக்கறிஞர் என் முழங்கையில் தட்டினார். பெயரைச் சொல் என்று அர்த்தம். பின்வரிசை வாங்கில் இருந்த வதனி மூச்சுவிடுவது எனக்குக் கேட்டது. இரண்டு எழுத்தும் ஒரு மெய்யும் உள்ள சின்னப் பெயர். நாக்கு நுனியில்தான் நின்றது. அந்தப் பிள்ளை கடித்த விரலை மடித்து வைத்துக்கொண்டேன்.

நீதிபதி கொஞ்சம் காத்திருந்துவிட்டு, கோப்பின் பழைய பக்கம் ஒன்றைத் திருப்பினார்.

"முதல் விசாரணையில், இந்த நாட்டில் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். மனைவி, மகளை விட்டால் இப்போதும் அப்படித்தானா?"

மொழிபெயர்க்கும் பெண் வாயைத் திறக்குமுன் நானே அவர்களுடைய பாசையில் சொன்னேன்.

"ஓம். எனக்கு இங்கே ஒருத்தரும் இல்லை."

இந்தத் தடவை அதில் பொய் இல்லை.

தீர்ப்பைத் தபாலில் அனுப்புவார்களாம். வழக்கறிஞர் நல்ல நம்பிக்கையோடும் இல்லை, நம்பிக்கை இல்லாமலும் இல்லை. நான் தடித்த அகராதி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். எத்தனை பக்கம் வந்தாலும் நானே வாசிப்பேன். பல் டொக்டர் வேரை எடுக்க நாள் கேட்கிறார். கடிதம் வந்தபிறகு என்று சொல்லியிருக்கிறேன்.

பஸ்ஸில் வரும்போது வதனி என்னோடு கதைக்கவில்லை. இறங்கும்போதுதான், "எங்களைத் தெருவிலை விட்டுப்போட்டு அவனைக் காப்பாத்தியிருக்கிறியள்" என்றாள். அவள் கோபம் நியாயம்.

அன்று பின்னேரமே நேசன் போன் எடுத்தான்.

"அண்ணை, என்ரை பேரைச் சொன்னனீங்களோ?"

வழக்கு எப்படிப் போனது என்று கேட்கவில்லை. பல் நோகிறதா என்றும் கேட்கவில்லை.

"சொந்தக்காரர் இருக்கினமோ எண்டு கேட்டாங்கள்" என்றேன். "எனக்கு ஒருத்தரும் இல்லை எண்டு சொன்னனான்."

மறுபக்கம் பெரிய மூச்சு ஒன்று வந்தது. பிறகு சிரித்தான்.

"கடவுளே! இந்த உபகாரத்தை நான் மறக்கமாட்டன் அண்ணை. எனக்கு எப்பவும் நீங்கள்தான் அண்ணை!"

நான் சொன்னது அவனுக்கு விளங்கவில்லை. போனை வைத்தேன்.